குட்டி நாயை மெல்லக் கவ்வவும், கவ்வியதை விடவும் பழக்குதல்

தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் உழவர்களிடம் நாய் இல்லாத வீடு குறைவு. இரவுக் காவலுக்கும், மயிலையும் குரங்கையும் விரட்டுவதற்கும் நாய் பயன்படுகிறது. ஆனால் கன்றுக்கும் ஆட்டுக்கும் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக் கூட நாம் நாய்க்குட்டியை வளர்ப்பதில் காட்டுவதில்லை. அது தானாக வளரும் என்று விட்டுவிடுகிறோம். தானாக வளர்ந்த நாய் ஒரு நாள் கோழியைப் பிடித்துக் கொன்ற பிறகுதான் கவலைப்படுகிறோம்.

தென் மாவட்டங்களின் கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை இனங்கள். இராசபாளையம் நாயும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டதே. இந்த இனத்தின் படத்துடன் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு முயல், கௌதாரி முதலியவற்றை வேட்டையாடுவது குற்றம். வேட்டை நின்றுவிட்டாலும் நாயின் இரத்தத்தில் உள்ள குணம் நிற்கவில்லை. ஓடுவதைத் துரத்தும், துரத்தியதைக் கவ்வும். முயல் இல்லாத இடத்தில் கோழியும், பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டியும் அதன் கண்ணில் படுகின்றன. கோழி பிடித்த நாயை ஆயுள் முழுவதும் சங்கிலியில் கட்டுகிறார்கள், அல்லது வெகு தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். சங்கிலியில் கிடக்கும் நாய் மயிலை விரட்டப் போவதில்லை.

மெல்லக் கவ்வுதல் என்றால் என்ன?

வேட்டை நாயின் வாயைப் பக்குவப்படுத்துவதைப் பெரிய கலையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டினர். சுடப்பட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து வந்து எசமானர் கையில் கொடுப்பதற்கென்றே லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற இனங்களை அங்கே வளர்த்தார்கள். இந்த நாய்களுக்கான போட்டிகளில், கொண்டு வந்த பறவையின் விலா எலும்புகளை நடுவர் விரலால் தடவிப் பார்ப்பார். நாயின் பல் அழுத்தத்தால் விலா நொறுங்கியிருந்தால் அந்த நாய் போட்டியிலிருந்து நீக்கப்படும். எலும்பை நொறுக்கும் தாடை நாய்க்கு உண்டு. அதே தாடையால் தாய் நாய் கண் திறக்காத குட்டியைக் காயமின்றித் தூக்கவும் செய்கிறது. எந்த அளவு அழுத்துவது என்பது பெரும்பாலும் பழக்கத்தால் வருவது.

நமக்குப் பறவை வேட்டை தேவையில்லை. ஆனால் அந்தப் பயிற்சியின் இரண்டு பகுதிகள் நமக்கு மிகவும் வேண்டியவை. ஒன்று, வாயில் எடுத்ததை அழுத்தாமல் வைத்திருப்பது. மற்றொன்று, ‘விடு’ என்றதும் வாயைத் திறப்பது. இரண்டாவது, நாயின் உயிரையே காக்கக் கூடியது.

வாய் கற்கும் பருவம்

குட்டி பிறந்து 10 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து பால் பற்கள் முளைக்கும், மொத்தம் 28. ஊசி போன்ற இப்பற்களால் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடுகின்றன. கடி பலமானால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்த குட்டிக்கு அதுவே முதல் பாடம். ஆகவே, ‘பால் மறந்தால் போதும்’ என்று 30 நாள் குட்டியைப் பிரித்துக் கொண்டு வருவது தவறு. 8 வாரம் முடியும் வரை தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் இருக்க வேண்டும். முன்னதாகவே வந்துவிட்ட குட்டியானால், அப்பாடத்தை நீங்கள் நடத்த வேண்டியதுதான். கையைக் கடித்ததும் ‘ஆ’ என்று ஒலி எழுப்பி, கையை எடுத்து, அரை நிமிடம் முகம் திருப்பி உட்காருங்கள். அடி தேவையில்லை. விளையாட்டு நின்றதே அதற்குத் தண்டனை.

ஏறத்தாழ 4ஆம் மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கி, 7ஆம் மாதத்திற்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு வலிக்கும். அப்போது மரக்கட்டை போன்ற கடினப் பொருளைக் கவ்வச் செய்தால், எடுத்து வருவதையே குட்டி வெறுத்துவிடும். துணிச் சுருள் மட்டுமே போதும். ஈறில் இரத்தம் கண்டால் சில நாட்கள் பாடத்தை நிறுத்திவிடுங்கள்.

வாயைக் கெடுப்பவர்கள் நாமே

குட்டி செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வீட்டார் எல்லோரும் துரத்துகிறார்கள். குட்டிக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. நாளையும் செருப்பைத் தூக்கும். பிடித்தபின் செருப்பை இழுக்கிறோம். நாம் இழுக்க இழுக்க, நழுவாமல் இருக்க அது தாடையை இறுக்குகிறது. துண்டின் ஒரு முனையைக் குட்டியின் வாயில் கொடுத்துப் பிள்ளைகள் இழுத்து விளையாடுவதும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. வயதும் பழக்கமும் முதிர்ந்த நாய்க்கு அவ்விளையாட்டால் கேடில்லை. ‘விடு’ கற்காத குட்டிக்கு வேண்டாம்.

அடித்துப் பிடுங்குவதன் விளைவு இன்னும் மோசம். மனிதக் கை அருகில் வந்தால் கையிலுள்ளது போய்விடும், முதுகிலும் விழும் என்று கற்ற குட்டி, அடுத்த முறை வாயிலுள்ளதை அவசரமாக விழுங்கும், அல்லது கையைக் கடிக்கும். சிறுவர் கோழியையும் பூனையையும் காட்டிச் ‘சூ... சூ...’ என்று குட்டியை ஏவுவதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பதுண்டு. அன்று ஏவிவிட்ட குட்டி, ஆறு மாதம் கழித்து யாரும் ஏவாமலே போகும்.

பயிற்சி முறை

8 வாரம் முடிந்ததும் தொடங்கலாம். ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளைக்கு இரு வேளை, உணவு வைப்பதற்கு முன் நடத்துவது நலம். பழைய பருத்தித் துணியைக் கட்டைவிரல் பருமனுக்கு, ஒரு சாண் நீளத்திற்குச் சுருட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். இதைப் பாடம் முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும். குட்டியிடம் கிடந்தால் கிழித்துப் பழகும்.

ஒரு பக்கம் சுவரும் ஒரு பக்கம் அடைப்பும் உள்ள நடை அல்லது சந்து ஏற்ற இடம். குட்டி எடுத்ததும் உங்களிடம்தான் திரும்பி வர வேண்டியிருக்கும். சுருளை 2 மீட்டர் தூரத்தில் எறிந்துவிட்டுக் குந்தி உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து கை நீட்டினால் குட்டி தயங்கும். குட்டி வந்ததும் உடனே சுருளை வாங்காதீர்கள். வாயில் இருக்கும்போதே நெஞ்சைத் தடவிக் கொடுங்கள். இரண்டு மூன்று நொடி வைத்திருக்கட்டும். பிறகு ஒரு கையைச் சுருளுக்கு அடியில் இழுக்காமல் தாங்கலாக வைத்து, மறு கையால் வேக வைத்த ஒரு துண்டு இறைச்சியையோ முட்டையையோ மூக்கருகே காட்டுங்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லி, தின்னக் கொடுங்கள். தின்று முடித்ததும் சுருளைத் திரும்ப அதனிடமே கொடுங்கள். இங்குதான் பலர் தவறுகிறார்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பும் குட்டி மட்டுமே தயங்காமல் கொடுக்கும்.

ஒரு வாரம் சென்றபின் ‘விடு’ என்பதை முதலிலும், தின்பண்டத்தைப் பின்னும் வையுங்கள். பின்னர் நான்கில் ஒரு முறை தின்பண்டத்திற்குப் பதில் தடவிக் கொடுத்தலே போதும். வீட்டில் எல்லோரும் அதே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். நீங்கள் ‘விடு’ என்றும், மகன் ‘போடு’ என்றும், பாட்டி ‘சீ’ என்றும் சொன்னால் குட்டி எதையும் கற்காது. வெளியில் பழக்கும்போது 5 மீட்டர் நீளமுள்ள இலேசான கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டிவிடுங்கள். அது பிடித்திழுக்க அல்ல. குட்டி வேறு பக்கம் ஓடாமல் இருப்பதற்கே.

பல் மாறி முடிந்தபின், துணிச் சுருளின் மேல் உதிர்ந்த கோழி இறகுகளைச் சுற்றிக் கட்டி எடுத்துவரச் செய்யுங்கள். வாயின் மென்மையைச் சோதிக்க வெள்ளரிப் பிஞ்சு நல்ல கருவி. எடுத்து வந்த பிஞ்சின் தோலில் இலேசான ஈரம் மட்டும் இருந்தால் வாய் பக்குவப்பட்டது. பல் பதிந்து நீர் கசிந்தால் மீண்டும் துணிச் சுருளுக்குத் திரும்ப வேண்டும். உயிருள்ள குஞ்சைக் கொடுத்துச் சோதிப்பது ஒருபோதும் கூடாது. அது கொடுமை, தவிரவும், துடிக்கும் உயிரின் சுவையை நாமே கற்பிப்பதாகும். மெல்லக் கவ்வும் நாய் கோழியைத் தொடாது என்றும் எண்ண வேண்டாம். கயிற்றில் பிடித்து நாள்தோறும் கோழிகளுக்கிடையே நடத்தி, கோழியை விட்டு உங்களைப் பார்க்கும்போதெல்லாம் தின்னக் கொடுத்துப் பழக்குவது தனி வேலை. ஓராண்டு நிறையும் வரை, ஆள் இல்லாத நேரத்தில் கோழிகளுடன் தனியே விட வேண்டாம்.

வயலில் ‘விடு’ என்ற சொல்

இனி, உழவியல் ஆசிரியர் ஒருவர் நாயைப் பற்றி எழுத முற்பட்டதன் காரணத்திற்கு வருகிறேன். எலியை ஒழிக்கத் துத்தநாக பாஸ்பைடு 1 பங்குடன் பொரி அல்லது கருவாடு 49 பங்கு கலந்து வைப்பதை உழவர்கள் அறிவர். புரோமோடையலோன் மருந்தும் பழக்கத்தில் உள்ளது. இந்தத் தீனியைத் தின்றாலும், இதனால் செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. எனவேதான் மேலே கருவாட்டைப் பரிசாகச் சொல்லவில்லை. கருவாட்டு மணத்தை நல்லதென்று கற்ற நாய் வரப்பில் அதைத் தேடாமல் விடாது. காட்டுப் பன்றிக்காகச் சட்ட விரோதமாக வைக்கப்படும் அவுட்டுக்காய் அதைவிடக் கொடியது. கடித்ததும் வெடித்துத் தாடையைச் சிதைத்துவிடும்.

ஆகவே, கவ்வியதை விடுவதோடு, கவ்வும் முன்பே விலகவும் அதே சொல்லைப் பழக்குங்கள். மூடிய கைக்குள் ஒரு துண்டு ரொட்டியை வைத்து நீட்டுங்கள். குட்டி முகரும், நக்கும், பிறாண்டும், கையைத் திறக்காதீர்கள். சலித்து மூக்கை எடுத்த நொடியில் ‘விடு’ என்று சொல்லி, மறு கையிலிருந்து அதைவிடச் சுவையானதைக் கொடுங்கள். பிறகு திறந்த கையிலும், தரையிலும், நடக்கும் வழியிலும் இதைச் செய்யலாம். நீங்கள் எறிந்தது தவிர வேறெதையும் எடுக்கலாகாது என்பது அதற்குப் புரிய மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். அவுட்டுக்காய் வைக்கப்படுவதாகப் பேச்சு எழுந்த பகுதியில் இப்பயிற்சியை மட்டும் நம்பாமல் நாயைக் கட்டியே அழைத்துச் செல்லுங்கள். எலி மருந்து வைத்த நாட்களில் நாயைக் கட்டி வைத்து, காலையில் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

துத்தநாக பாஸ்பைடு தின்ற நாய் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். வயிற்று வலியால் தவிக்கும். புரோமோடையலோன் உடனே காட்டாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துச் சோர்வும், ஈறு வெளுத்தலும், மூக்கிலோ சாணத்திலோ இரத்தமும் தெரியும். இதற்கு மருத்துவர் வைட்டமின் ‘கே’ ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும். தின்றது தெரிந்த அன்றே, மருந்துப் பொட்டலத்துடன் நாயைக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

கையும் வாயும்

இப்பயிற்சியில் உங்கள் கை தினமும் நாயின் வாயருகே இருக்கும். ஆகவே 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். குட்டிதானே என்று நினைக்காமல், பல் பட்டு இரத்தம் வந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நன்கு பழகிய நாய் திடீரென்று குரல் மாறிக் குரைத்து, தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதாக எண்ணிப் பலர் வாயில் கை விடுவார்கள். வெறிநோயும் அதே தோற்றத்தைத் தரும். ‘விடு’ என்றதும் வாய் திறக்கும் நாயாயினும், அந்நிலையில் அதைத் தொடாமல் ஓர் அறையில் அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.