லேபிளில் தொடங்கும் வியாபாரம்

அமெரிக்கக் கடைகளில் நாப்கின், வாஷ் போன்ற பெண்கள் சுகாதாரப் பொருட்களுக்கென்று தனி வரிசை உண்டு. பல காலம் அதை ஆண்டவை ஒருசில பெரிய கம்பெனிகள். இன்று கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ‘இயற்கை’ பிராண்டுகளும் அங்கே இடம் பிடித்திருக்கின்றன. சோப்பு, ஷாம்பு, நாப்கின் என்று சொந்தமாக எதையாவது தயாரித்து விற்க நினைப்பவர்கள், அவர்கள் வந்த வழியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதலில் வாங்குபவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சந்தையில் வாங்குபவர் ஏற்கெனவே சூடு கண்டவர். புற்றுநோய் ஆபத்து உண்டென்று தெரிந்தும் டால்கம் பவுடரைக் கறுப்பினப் பெண்களைக் குறிவைத்து விற்றதாகச் சொல்லி, அவர்களுடைய தேசிய அமைப்பு ஒன்று 2021இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி அதை மறுத்தது. அதற்கு முன்பே, 2015இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டியிருந்தார்கள். பிறப்புறுப்பின் உட்புறத்தைப் பீய்ச்சிக் கழுவும் ‘டூஷ்’ பழக்கம் கறுப்பினப் பெண்களிடம் அதிகம். அப்படிக் கழுவுபவர்கள் உடலில், கெடுதல் செய்யக்கூடியதாகக் கருதப்படும் தாலேட் என்ற ரசாயனத்தின் அளவும் கூடுதல். ஆக, இங்கே பாட்டிலைக் கையில் எடுப்பவர் விலையைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கிறார். விற்பவருக்கு அதுதான் வாய்ப்பு, அதுதான் கத்தியும்.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படும் பெயர் அட்லாண்டாவின் ‘தி ஹனி பாட்’. அதைத் தொடங்கிய பியா டிக்ஸன், பல மாதங்கள் விடாமல் தொல்லை கொடுத்த பாக்டீரியா தொற்றால் அவதிப்பட்டவர். கனவில் பாட்டி வந்து ஒரு வாஷுக்கான மூலப்பொருட்களின் பட்டியலைக் கொடுத்தார் என்று அவர் பேட்டிகளில் சொல்வது வழக்கம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குக் கனவைவிட அதற்குப் பிறகு செய்ததுதான் பிடித்திருக்கிறது. சமையலறையில் கலந்து, தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்து, 2014இல் அட்லாண்டாவில் நடந்த பிரானர் பிரதர்ஸ் கூந்தல் அலங்காரக் கண்காட்சியில் கடை போட்டார். சுமார் 600 பாட்டில் விற்றது. கறுப்பினப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடும் இடம் அது. விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணம் இல்லாதவர், வாங்குபவர் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்தைத் தேடிப் போனார். 2017இல் அவருடைய சரக்கு, டார்கெட் என்ற பெரிய சங்கிலிக் கடைகளுக்குள் நுழைந்தது.

எழுதக் கூடாத வார்த்தைகள்

புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் லேபிள். அமெரிக்காவில் வெளிப்புற வாஷ் ஓர் அழகுசாதனப் பொருள். விற்கும் முன் எஃப்டிஏ எனப்படும் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி தேவையில்லை; ஆனால் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பு உங்களுடையது. அதே பாட்டிலில் ‘தொற்றைக் குணப்படுத்தும்’ என்று எழுதிவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது மருந்து. மருந்துக்குரிய சோதனைகள், அனுமதிகள் எல்லாம் கேட்பார்கள். நாப்கினும் டாம்பானும் மருத்துவ உபகரணங்கள் என்ற வகையில் வரும். டாம்பானை விற்கும் முன் அனுமதியும் வாங்க வேண்டும். 2022 டிசம்பரில் வந்த புதிய அழகுசாதனச் சட்டம், தயாரிப்புக் கூடத்தைப் பதிவு செய்வதையும் கடுமையான பக்க விளைவுகளைத் தெரிவிப்பதையும் கட்டாயமாக்கியது. சிறு நிறுவனங்களுக்குச் சில விதிகளில் சலுகை உண்டு. உடலுக்குள் பயன்படுத்தும் பொருள் என்றால் அந்தச் சலுகை கிடையாது.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு எஃப்டிஏ விளக்கம் எதுவும் வைத்திருக்கவில்லை. அதனால் யாரும் எழுதிக்கொள்ளலாம், எழுதவும் செய்கிறார்கள். மூலிகைப் பொட்டலத்தை உள்ளே வைத்தால் ‘நச்சு’ வெளியேறும் என்று விற்பவர்களும் இதே சந்தையில்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், உள்ளே எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்பதுதான் மகப்பேறு மருத்துவர்களின் நிலைப்பாடு. அங்கே இயல்பான பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை; அதைக் கலைத்தால் நல்ல பாக்டீரியா குறைந்து தொற்று வரும். ‘வெளிப்புறத்துக்கு மட்டும்’ என்று பெரிய எழுத்தில் போடுவதால் நாலு பாட்டில் குறைவாக விற்கலாம். போகட்டும்.

‘பிரிசர்வேட்டிவ் சேர்க்காதது’ என்று பெருமையடிப்பதும் ஆபத்து. தண்ணீர் கலந்த எந்தக் கலவையிலும் கிருமி வளரும். பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் நிற்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமல் ஒரு பாட்டிலைக்கூட வெளியே அனுப்பாதீர்கள்.

ஆர்டர் வந்தால் பணம் போகும்

பெரிய கடையிலிருந்து ஆர்டர் வந்ததும் எல்லோரும் கொண்டாடுவார்கள். கணக்குப் பார்ப்பவர் மட்டும் கவலைப்படுவார். சரக்கை முதலில் உங்கள் காசில் தயாரிக்க வேண்டும். கடை பணம் கொடுக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். விற்காதது திரும்பியும் வரலாம். இந்த இடைவெளியைத் தாண்ட முதல் இல்லாமல்தான் நல்ல பிராண்டுகள் பல முழுகுகின்றன. அமெரிக்க முதலீட்டாளர்கள் போடும் பணத்தில் கறுப்பினப் பெண்களுக்குப் போவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. அவர்களுக்காகவே அட்லாண்டாவில் இயங்கிய ஃபியர்லெஸ் ஃபண்ட், 20,000 டாலர் மானியத் திட்டம் ஒன்றை நடத்தியது. இனப் பாகுபாடு என்று அதன் மேல் வழக்கு வந்தது. 2024இல் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இது புதிய கதையும் அல்ல. மேரி கென்னர் என்ற கறுப்பினப் பெண் 1950களில், நாப்கினை நகராமல் பிடித்துவைக்கும் சானிட்டரி பெல்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆர்வம் காட்டிய ஒரு கம்பெனி, அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் பின்வாங்கிக்கொண்டது. அந்தக் கண்டுபிடிப்பால் அவர் ஒரு சல்லிக்காசும் பார்க்கவில்லை.

ஒரே கடையை நம்பியிருப்பதும் ஆபத்துதான். 2020இல் டார்கெட் விளம்பரத்தில் தோன்றிய டிக்ஸன், தன் வெற்றி அடுத்து வரும் கறுப்பினச் சிறுமிக்கு வழி திறக்கும் என்றார். அதற்காகவே சிலர் கூட்டமாக வந்து ஒற்றை நட்சத்திர விமர்சனம் போட்டார்கள். ஆதரவாளர்கள் தேடிப் போய் வாங்க, விற்பனை ஏறியது. 2025 ஜனவரியில் டார்கெட் தன் பன்முகத்தன்மைத் திட்டங்கள் சிலவற்றைக் கைவிட்டபோது, கறுப்பின மக்கள் பலர் அந்தக் கடையைப் புறக்கணித்தார்கள். அடி, உள்ளே அடுக்கி வைத்திருந்த கறுப்பின பிராண்டுகளுக்கும் விழுந்தது. என் கணக்கில், எந்தக் கடையும் உங்கள் விற்பனையில் பாதியைத் தாண்டக் கூடாது. மேரிலாந்தின் ஆரியன் லாங் வேறு வழி பிடித்தார். அவருடைய ‘ஃபெம்லி’ நாப்கின், அலுவலகக் கழிப்பறைகளில் டிஸ்பென்சர் வழியாகவும் போகிறது.

கலவையை மாற்றினால், வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2022இல் ஹனி பாட் வாஷின் பொருள் பட்டியல் மாறியதைப் பார்த்தவர்கள், ‘கம்பெனியை விற்றுவிட்டாயா’ என்று சமூக ஊடகங்களில் கேட்டார்கள். டிக்ஸன் வீடியோவில் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 ஜனவரியில் கம்பெனியை 38 கோடி டாலராக மதிப்பிட்டு, பெரும்பான்மைப் பங்கை காம்பஸ் டைவர்சிஃபைட் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. டிக்ஸன் பங்குதாரராகவும் தலைமைப் பொறுப்பிலும் தொடர்ந்தார். சிலர் இதைத் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனியை விற்று லாபம் பார்க்கும் உரிமை மற்றவர்களுக்கு உண்டென்றால் அவருக்கும் உண்டு.

இதைப் படித்துவிட்டு வீட்டில் மூலிகை வாஷ் தயாரிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைப் போன்றதல்ல. 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வாங்கியே ஆக வேண்டும். பாட்டில் வாங்கும் முன் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.