கடன் ஆலோசனைக்கு உட்காருகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மழை பெய்தால் ரப்பர் வெட்டு நிற்கும். குழுக் கடனின் வாரத் தவணை நிற்காது. குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கம் கடன் தொல்லையோடு வருகிற பல வீடுகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் காலத்திலும் வெட்டு ஓய்ந்துவிடும். சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலராகவோ, ஊர்த் தொண்டு அமைப்பின் சார்பிலோ இவர்களுக்கு ஆலோசனை சொல்ல உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

கதையை முழுக்கக் கேளுங்கள், பிறகு காகிதங்களைக் கேளுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே துணிப்பையில் கலந்து கிடக்கும்: லோன் கார்டு, நகை அடகுச் சீட்டு, சிட்டி (சீட்டுப் பணம்) கட்டிய ரசீது, பிரிக்காத வக்கீல் நோட்டீஸ். லோன் கார்டின் வாரக் கட்டங்களில் விரல் வைத்து எண்ணுங்கள். வசூல்காரர் கையெழுத்திட்ட கட்டம் எத்தனை, பணம் கொடுத்தும் கையெழுத்து விழாத கட்டம் எத்தனை என்று கடன் வாங்கிய அக்காவிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கி எவ்வளவு என்ற சண்டை பலமுறை அந்த வெற்றுக் கட்டங்களில்தான் இருக்கிறது.

அடுத்து, தேதிகள். தொகையை அப்புறம் பார்க்கலாம். செக் திரும்பியதாக நோட்டீஸ் வந்திருந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்குத் தொடர வழி திறந்துவிடும். வீட்டை ஈடு வைத்த கடனுக்கு, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி அனுப்பும் முதல் நோட்டீஸுக்கு 60 நாள் உண்டு. அந்தக் காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். பிரிக்காத உறை ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதைப் பிரியுங்கள்.

வருமானத்தை வாரக் கணக்கில் எழுதாதீர்கள், பன்னிரண்டு மாதக் கணக்காக எழுதுங்கள். பால்வெட்டுக் கூலி எந்த மாதம் எவ்வளவு, அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) எந்த மாதம் மூடும், பள்ளிக் கட்டணம் எப்போது விழும் என்று தனித்தனியாக எழுதினால் எந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பது வெளியே வந்துவிடும். நிறுவனத்தோடு பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம் இதுதான். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடனை நுண்கடன் என்கிறது 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நான்கைந்து நிறுவனங்கள் ஒரே வீட்டில் கடன் குவித்திருந்தால் இந்த விதியைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

வசூல் முறைக்கும் விதி உண்டு. நுண்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீடு தேடி வரலாம். மீறினால் நிறுவனத்துக்கு முதலில் எழுத்துப் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

"போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போவினுமா மக்ளே?" இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. நேராகப் பதில் சொல்லுங்கள். கடன் பாக்கி சிவில் விவகாரம். பணம் வசூலிக்கும் நீதிமன்ற டிக்ரிக்காக (தீர்ப்பாணைக்காக) எந்தப் பெண்ணையும் கைது செய்து சிவில் சிறையில் வைக்க முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆண்களுக்கும், கட்ட வழியே இல்லாத ஏழ்மைக்காகச் சிறை கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செக் வழக்கு மட்டும் வேறு, அதில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேச்சில் "இனி இருந்து என்ன" என்ற தொனி தெரிந்தால் காகிதங்களை ஒதுக்கி வையுங்கள். சாகணும்னு தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், தனியே அனுப்பாதீர்கள், 14416 மனநல உதவி எண்ணுக்கு உங்கள் போனிலிருந்தே பேச வையுங்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே மாண்டது. மனுக்கள் கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தது. மனுவை வாங்கி அடுத்த ஆள் கையில் தள்ளிவிடுவது ஆலோசனை ஆகாது.

செய்யக்கூடாதவை

ஏன் இத்தனை வாங்கினீர்கள் என்று கேட்கக்கூடாது. மகளின் நர்சிங் படிப்பு, மாமியாரின் ஆபரேஷன் என்று காரணம் தானாக வரும்.

குழுவில் உள்ள மற்றவர்கள் முன்னிலையில் ஒருவரின் கணக்கைப் பேசாதீர்கள். கணவருக்குத் தெரியாத கடன் என்றால் அவருக்கும் சொல்லாதீர்கள்.

"ஒன்றும் கட்ட வேண்டாம், அவன் என்ன செய்வான்" என்று வீரம் பேசாதீர்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனுக்கு வழி காட்டவும் வேண்டாம். அசல் ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும். பணத்தைக் கையால் தொடாதீர்கள்.

வெற்றுச் செக், வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட அனுமதிக்காதீர்கள். பாக்கியை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலும் கவனம் தேவை. எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் மூன்றாண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்வது இது: கட்ட முடியாத தொகைக்கு லோக் அதாலத்தில் சம்மதிக்க வைக்காதீர்கள். வழக்கு முடிந்தது என்ற நிம்மதி நமக்கும் வருவதால் அந்த ஆசை எளிதில் வரும். ஆனால் லோக் அதாலத் தீர்வு நீதிமன்ற டிக்ரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. மழைக்காலத்துக்குக் குறைந்த தவணை, வெட்டு நடக்கும் மாதங்களுக்குக் கூடிய தவணை என்று பன்னிரண்டு மாதக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். எதிர்த்தரப்பு ஒப்பவில்லையென்றால், வேண்டாம் என்று எழுந்து வர அந்த அக்காவுக்கு உரிமை உண்டு. அதை முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

வக்கீல் செய்ய வேண்டியதைத் தன்னார்வலர் செய்யக்கூடாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மலையில் காணிக்குடியிருப்புகளில் இருக்கும் காணிப் பழங்குடியினருக்கும் இது பொருந்தும். உதவி எண் 15100. அதை ரேஷன் கடையிலும் ரப்பர் ஷீட் வாங்கும் கடையிலும் அண்டி ஆபீஸ் வாசலிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.