தஞ்சைக்கு வரும் விருந்தினரை ஊர் காட்ட அழைத்துச் செல்வோருக்கு

 

தஞ்சாவூருக்கு வரும் விருந்தினரை ஒரே பகலில் பெரிய கோயில், அரண்மனை, திருவையாறு, கல்லணை, தாராசுரம் என்று இழுத்துச் செல்லும் வழக்கம் அவர்கள் நினைவில் வெயிலையும் தார்ச்சாலையையும் மட்டுமே தங்க வைக்கிறது. ஊர் காட்டும் பொறுப்பை ஏற்கும் இளைஞர், கதிரவனின் போக்கையும் கோயில் நடை சாத்தும் நேரத்தையும் முதலில் கணக்கில் கொண்டு, அதன்பின் இடங்களைத் தெரிந்தெடுப்பதே நன்று.

பெரிய கோயிலாகிய பெருவுடையார் கோயிலுக்கு விடியற்காலையே ஏற்றது. செருப்பின்றி நடக்க வேண்டிய கல்தளம் முற்பகலிலேயே சுடத் தொடங்கிவிடும் என்பதோடு, சாய்ந்து விழும் இளவெயிலில் கல்வெட்டெழுத்துகள் தெளிவாகப் புலப்படும் என்பதும் அதற்குக் காரணமாகும். முதலாம் இராசராசன் 1010இல் நிறைவு செய்த இக்கோயிலில், கருவறைக்கு மேல் எழும் கோபுரமாகிய விமானம் சுமார் 216 அடி உயரமுடையது. வந்தவர் எவரும் அண்ணாந்து அதையே பார்ப்பர். அவர்களைச் சற்றுக் குனிய வைப்பதுதான் அழைத்துச் செல்பவரின் திறமை. விமானத்தைத் தாங்கும் அடித்தள வரிசையாகிய அதிட்டானத்தில், அரசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகள் நிறையும் அளவும் குறித்துப் பொறிக்கப்பட்டுள்ளன; கோயிலில் பணிபுரிந்த நானூறு தளிச்சேரிப் பெண்டிர், அதாவது ஆடல்மகளிர், பெயர் பெயராகக் கோயில் கல்வெட்டுகளில் இடம்பெற்றிருப்பது அரசனின் வெற்றிகளைவிட வியக்கத்தக்கது.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதையை விருந்தினரிடம் சொல்லுதல் தகாது; காலையிலும் மாலையிலும் அது நீளமாகவே விழுவதை நின்று பார்க்கும் எவரும் அறிவர். உச்சிக்கல் ஒரே பாறை என்பதும், பெரிய நந்தி இராசராசன் வைத்தது என்பதும் அத்தகையனவே: முன்னது பல கற்களைப் பொருத்தி அமைத்தது, பின்னது நாயக்கர் காலத்தது. மெய்யான செய்தியே போதிய வியப்பைத் தரும் ஓரிடத்தில் பொய்யைக் கூட்டுவது, பாயசத்தில் உப்பிடுவதற்கு ஒப்பாகும்.

நடை சாத்தும் நண்பகலில் அரண்மனைக் கலைக்கூடம் நிழலும் தரும், செப்புத்திருமேனிகளையும் காட்டும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, உருகி வடிந்த மெழுகின் இடத்தில் உலோகம் ஊற்றும் முறையில் வார்க்கப்பட்டவையே இத்திருமேனிகள். திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகனராகிய சிவபெருமான், காளை மறைந்துபோன பின்னும் அதன்மேல் கையூன்றிய நிலையிலேயே நிற்கிறார். பிறவற்றைப் பார்க்க நேரமில்லாவிட்டாலும் இதன் முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். அருகிலுள்ள சரசுவதி மகால் நூலகம், இரண்டாம் சரபோசி மன்னரின் பேரார்வத்தால் வளர்ந்தது. அவருக்கு ஆசானாக விளங்கிய சுவார்ட்சு பாதிரியாரின் இறுதிப் படுக்கையருகே அம்மன்னர் நிற்கும் பளிங்குச் சிற்பம், சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் உள்ளது. காலைத் தரிசனத்திற்குப் பின் இதையும் காண்போர் மிகச் சிலரே.

திருவையாற்றுக்கு மாலை போதும்; இசைமேதை தியாகராசரின் சமாதி அங்கே காவிரிக்கரையிலேயே இருக்கிறது. அவருக்கு ஆராதனை நடக்கும் தை மாதக் கூட்டத்தை விரும்பாதவர் வேறு நாளில் செல்வதே இதம். கல்லணையை மட்டும் காலமறிந்து காட்ட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12க்குப் பின், காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப்படும் கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் ஆகியவற்றுக்கு நீர் அங்கே பிரிக்கப்படுகிறது. நடுக்கோடையில் அழைத்துச் சென்றால், அணையைக் கட்டிய கரிகாலன் பெயரைச் சொல்லிவிட்டு மணலைக் காட்ட நேரும். அந்த நாளைச் சுவாமிமலையில் சிலை வார்ப்போர் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம்.