அருங்காட்சியகம் பார்ப்பது எப்படி?



எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை நம்ம பாட்டிமார் 'செத்த காலேஜ்' என்பார்கள். உயிருள்ள மிருகங்களைக் காட்டிய இடம் 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த மிருகங்களும் பழம்பொருட்களும் உள்ள இடம் 'செத்த காலேஜ்'. 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்துக்குப் பாடியிலிருந்து சுலபமாகப் போய்வரலாம். ஆனாலும் நம்மில் பலர், "படிச்சவங்க பார்க்கிற இடம், நமக்கென்ன புரியும்?" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்தத் தயக்கத்தைப் போக்கவே இந்தப் பாடம்.

இரண்டு வகைக் காட்சிகள்

எப்போது போனாலும் இருப்பவை நிலையான காட்சிக்கூடங்கள். அமராவதிச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள் எல்லாம் இந்த வகை. சில நாட்கள் மட்டும் வைத்து எடுத்துவிடுவது சிறப்புக் கண்காட்சி. கீழடிப் பொருட்களை 2019 நவம்பரில் மதுரை உலகத் தமிழ்ச் சங்கத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். 2023 மார்ச்சில் கீழடியிலேயே நிலையான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதனால் எங்கே போனாலும், "இப்போ சிறப்புக் கண்காட்சி ஏதாவது நடக்குதா?" என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

அட்டையைப் படியுங்கள்

எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தால் கால்தான் வலிக்கும். இரண்டு கூடம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள அட்டையில் நான்கு விஷயம் தேடுங்கள்: என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தக் காலம், எதனால் செய்தது.

உதாரணத்துக்கு, கற்கருவிகளைப் பாருங்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் முதலில் பல்லாவரத்திலும், பிறகு பூண்டி பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இவற்றைக் கண்டெடுத்தார். அவர் சேகரிப்பை 1904-இல் அருங்காட்சியகம் வாங்கியது. அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எந்த இடம் என்று பூட் எழுதி வைத்ததால்தான், பின்னால் வந்தவர்கள் அதே இடத்தைத் தோண்டிக் காலத்தைக் கணிக்க முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால் அது வெறும் கல்தான். நம்ம குழுவின் தீர்மான நோட்டும் அப்படித்தானே! எழுதி வைத்தால்தான் கணக்கு நிற்கும்.

திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைத் தவறாமல் பாருங்கள். சோழர் காலத்து வேலை. வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். கைகளை எண்ணிப் பாருங்கள், மூன்றுதான் இருக்கும். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்தார்கள்.

மண்ணில் கிடைத்தால்

அஸ்திவாரம் தோண்டும்போது பழைய சிலையோ காசோ கிடைத்தால் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், வீட்டிலும் ஒளிக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

போகும் வழி

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறினால் அடுத்தது எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.

கூட்டத்தில் கலந்து பேச:

1. நம்ம வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் எது? அதற்கு நீங்களே ஓர் அட்டை எழுதுங்கள்.
2. நம்ம குழு தொடங்கிய கதையை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?