சிறுநீரக நோயாளர்க்கு இரத்த அழுத்தம் எவ்வளவு இருத்தல் நலம்?

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்த அழுத்தம் நெடுங்காலம் மிகுந்திருப்பின் அவை நலிவுறும். அவை நலிவுற்றால் உப்பும் நீரும் உடலில் தங்கி அழுத்தம் மேலும் உயரும். எனவே அழுத்தத்தை எந்த அளவில் நிறுத்துவது என்னும் வினா எழுகிறது.

2012 ஆம் ஆண்டு உலகச் சிறுநீரக மருத்துவர் குழுவொன்று, சிறுநீரில் புரதம் கசியாதவர்க்கு 140/90, கசிபவர்க்கு 130/80 என வரையறுத்தது. 2015 இல் அமெரிக்காவில் ‘ஸ்பிரிண்ட்’ என்னும் ஆய்வு வெளிவந்தது. அதில் பங்கேற்ற 9,361 பேருள் 2,646 பேர் நாட்பட்ட சிறுநீரக நோயாளர். நீரிழிவு உடையோர் சேர்க்கப்படவில்லை. மேல் அளவை 120 க்குக் கீழ் வைத்த பிரிவில், 140 க்குக் கீழ் வைத்த பிரிவைக் காட்டிலும் இதயக் கேடுகளும் இறப்பும் குறைந்தன. ஆயினும் சிறுநீரகத்தின் தேய்வு அதனால் தடைப்படவில்லை. இவ்வாய்வினைப் பெரிதும் சார்ந்தே 2021 இல் அக்குழு, ‘உடல் தாங்குமாயின் 120 க்குக் கீழ்’ என்றது. டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு இவ்வளவு பொருந்தாது.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. 120 என்பது முறையாக அளந்த எண். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளத்தல் வேண்டும். முந்தைய அரைமணி நேரத்தில் காப்பி அருந்துதல் கூடாது. இருமுறையேனும் அளந்து சராசரி காண்க. விரைந்து எடுக்கும் அளவு பெரும்பாலும் மிகுத்தே காட்டும்.

எங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவர் மாடிப்படி ஏறிச் சென்றவுடன் அளவு எடுக்கப்பட்டது. அது மிகுந்திருந்ததால் மாத்திரை கூட்டப்பட்டது. சில நாட்களில், விடியற்காலையில் எழுந்து நின்றவர் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு முறியாதது நற்பேறே. அன்று முதல் எங்கள் இல்லத்தில் அமர்ந்து ஒருமுறையும், எழுந்து நின்று ஒருமுறையும் அளந்து, குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுகிறோம்.

உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு மேற்படலாகாது. ஊறுகாயும் அப்பளமும் இக்கணக்கில் சேரும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்பனையாவதில் பொட்டாசியம் இருத்தலால், சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேளாது அதனைப் பயன்படுத்தற்க.

நினைவிற் கொள்க:
1. எண்ணைக் கேட்குமுன் அளந்த முறையைக் கேட்க.
2. நமக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்க.
3. தலைசுற்றல் நேரின் அன்றே தெரிவிக்க; மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டா.