கிடார் வாங்கும் முன் ஐந்து சோதனைகள்



திண்டுக்கல் கடைவீதியில் பூட்டு வாங்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சாவியை நுழைத்து நாலைந்து முறை திருப்புவார்கள். கொக்கியைப் பிடித்து இழுப்பார்கள். காதருகே வைத்து, உள்ளே விழும் ஓசையைக் கேட்பார்கள். அதன் பிறகே மடியிலிருந்து பணம் வெளியே வரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டாயிற்றே என்று யாரும் சோதிக்காமல் வாங்குவதில்லை.

அதே பெரியவர் தம் மகளுக்குக் கிடார் வாங்க நானூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன செய்வார்? பளபளப்பைப் பார்ப்பார், விலையைக் கேட்பார், கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி வந்துவிடுவார். பல மாதச் சேமிப்பு அது. கம்பிகள் உயரமாக நின்றால் சிறுமியின் விரல் நுனி புண்ணாகும். மெட்டுகள் பிசகியிருந்தால் எவ்வளவு பழகினாலும் சுருதி சேராது. "எனக்கு இசை வராது" என்று அவள் கிடாரைப் பரணில் போட்டுவிடுவாள். குற்றம் அவளுடையதா, கருவியினுடையதா?

சாவியைத் திருப்பிப் பார்ப்பது போலக் கிடாருக்கும் எளிய சோதனைகள் உண்டு. பள்ளியில் சுரமானி வைத்து நீங்கள் படித்த இயற்பியலே அதற்குப் போதும்.

மாறிவரும் கடைகள்

சென்னையில் இசைக்கருவி வணிகம் பழமையானது. 1842இல் மிஸ்குவித் அண்டு கம்பெனி என்று தொடங்கிய கடை, பிற்காலத்தில் மியூசி மியூசிகல் என்று பெயர் மாறி, அண்ணா சாலையில் நிலைபெற்றது. பியானோ, ஆர்கன் போன்ற கருவிகள் கப்பலில் வந்திறங்கிய காலத்துக் கடை அது. பழைய கடைகளில் கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். இன்றைய பெரிய கடைகளில் சுவரெங்கும் கிடார்கள் தொங்குகின்றன, குளிர்சாதனம் ஓடுகிறது, எடுத்து வாசித்துப் பார்க்கலாம். இன்னொரு பக்கம், கருவியைத் தொடாமலே கைபேசியில் பணம் கட்டி வீட்டுக்கு வரவழைப்பவர்களும் உண்டு. கடை எப்படி மாறினாலும் கம்பி அதிரும் விதி மாறவில்லை.

ஒலி பிறக்கும் விதம்

கிடாரின் ஆறு கம்பிகளுள் தடித்தது நொடிக்கு ஏறக்குறைய 82 முறையும், மெல்லியது 330 முறையும் அதிர்கின்றன. கம்பியின் நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும்; இழுவிசை கூடினாலும் கூடும்; கம்பி கனத்தால் குறையும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்ட விதிகள் இவை.

ஆனால் கம்பி மெல்லியது. அது தானாகக் காற்றை அதிகம் அசைக்க முடியாது. அதன் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குப் போகிறது. அகன்ற பலகை காற்றை அசைக்கிறது. பெட்டிக்குள் உள்ள காற்றும் ஒலித்துளை வழியே சேர்ந்து அதிர்கிறது. காலிச் சோடாப் புட்டியின் வாயில் ஊதினால் 'பூம்' என்கிறதே, அதே ஒத்ததிர்வுதான். கிடார்ப் பெட்டியில் இது ஏறக்குறைய 100 ஹெர்ட்சில் நிகழும். மானாமதுரைக் கடத்தின் ஆழ்ந்த முழக்கத்துக்கும் குடத்திலுள்ள காற்றே காரணம்.

எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமம். மேற்பலகையின் தடிமனோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஆள் எடையைத் தாங்கவும் வேண்டும், மெல்லிய அதிர்வுக்கு அசையவும் வேண்டும். பலகையின் அடியில் ஒட்டியுள்ள மரச்சட்டங்கள் இதற்கு உதவுகின்றன.

ஐந்து சோதனைகள்

1. கழுத்து வளைந்துள்ளதா? இழுத்துக் கட்டிய கம்பி நேர்கோடு. அதுவே உங்கள் அளவுகோல். ஒரு கம்பியை முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். (வீணையில் மெட்டு என்பதைக் கிடார்க் கடையில் ஃப்ரெட் என்பார்கள்.) ஏழாம் மெட்டருகே கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. இடைவெளி அதிகமானால் கழுத்து முன்பக்கம் வளைந்துள்ளது என்று பொருள்.

2. மெட்டுகள் சரியான இடத்தில் உள்ளனவா? கம்பியின் நீளம் 650 மி.மீ. என்றால் முதல் மெட்டு 36.5 மி.மீ. தொலைவில் இருக்கும். அடுத்த இடைவெளி 34.4, அதற்கடுத்தது 32.5. ஒவ்வொரு மெட்டிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயர வேண்டும் என்பதால்தான் இடைவெளிகள் இப்படிக் குறைந்து வருகின்றன. பன்னிரண்டு மெட்டில் அது இரு மடங்காகும். ஆகவே பன்னிரண்டாம் மெட்டு 325 மி.மீ. தொலைவில், நட்டநடுவில் இருக்கும். இப்போது பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டுங்கள். மணி போன்ற மேற்சுரம் கேட்கும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். அழுத்தும்போது கம்பி சற்று இழுபட்டு சுருதி ஏறும். அதை ஈடுசெய்யவே குதிரையின் மேலுள்ள துண்டைச் சற்றுச் சாய்வாக வைப்பார்கள். அப்படியும் இரண்டும் ஒத்துப்போகவில்லையா? அந்தக் கிடார் மேல் மெட்டுகளில் சுருதி சேராது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை, நகர்த்தி அமைக்கலாம். கிடாரின் மெட்டுகளை நகர்த்த முடியாது.

3. விம்மல்கள் கேட்கின்றனவா? ஆறாம் கம்பியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் 110 ஹெர்ட்ஸ். ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் மீட்டினாலும் 110. ஒன்று 110, மற்றது 112 என்றிருந்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். முறுக்காணியைத் திருகி விம்மலை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் வாசித்த பிறகு விம்மல் திரும்ப வந்தால், புதுக் கம்பி இழுபடுகிறதா, முறுக்காணி நழுவுகிறதா என்று கேட்டுத் தெளியுங்கள்.

4. எங்காவது இரைகிறதா? ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். பொறுமை வேண்டும். ஒரே இடத்தில் 'ஜிர்ர்' என்றால் அடுத்த மெட்டு உயர்ந்திருக்கக்கூடும்.

5. தட்டிப் பாருங்கள். பலாப்பழத்தைத் தட்டுவது போல விரல் முட்டியால் மேற்பலகையை மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் சரி; உள்ளே சலசலத்தால் மரச்சட்டம் ஏதேனும் ஒட்டு விட்டிருக்கலாம்.

காது ஏமாறும் இடங்கள்

இந்த ஐந்திலும் கருவியைச் சோதித்தீர்கள். இனி உங்கள் காதைச் சோதிக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது நமக்கு இனிமையாகவும் தோன்றும். புதுக்கம்பி பழைய கம்பியைவிடப் பளிச்சென்று ஒலிக்கும். கண்ணாடியும் ஓடும் பதித்த கடையில் எதிர்முழக்கம் அதிகம். வீட்டுக் கூடத்தில் அந்த நிறைவு இராது. ஆகவே இரண்டு கிடார்களை ஒப்பிடும்போது ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே மெட்டை, ஒரே வேகத்தில் வாசியுங்கள். ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கிறோம் அல்லவா? அதே முறைதான்.

விலைச்சீட்டும் காதை ஏமாற்றும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பின்பலகை, பக்கப்பலகை மரங்களில் மட்டும் வேறுபட்ட ஆறு கிடார்களை 52 கலைஞர்கள் வாசித்தார்கள். மரம் தெரியாதபடி மங்கிய ஒளி. கண்ணில் பற்றவைப்போர் அணியும் கறுப்புக் கண்ணாடி. விலை உயர்ந்த அரிய மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் அளித்தார்கள்! நீங்களும் இதைச் செய்யலாம். கடையில் முதுகைக் காட்டி நின்று, நண்பரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நம் ஊர்க் காற்று

கடைசியாக ஒரு சங்கதி. சென்னை கடலோர ஊர்; காற்றில் ஈரம் அதிகம். குளிர்சாதனக் கடைக்குள் காற்று வேறு. திண்டுக்கல் சமவெளியிலோ ஆடிக் காற்று வறண்டு வீசும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியும் வெளியிட்டும் வாழ்கிறது. நார்களின் நீளவாக்கில் அது அதிகம் மாறாது. குறுக்குவாக்கில் பல மடங்கு விரிந்து சுருங்கும். ஈரத்தில் மேற்பலகை உப்பிக் கம்பியை உயர்த்தும். வறட்சியில் பலகை தாழ்ந்து கம்பி மெட்டில் உரசும். கழுத்து மரம் சுருங்கினால் மெட்டு முனைகள் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். கடையிலேயே கழுத்தின் ஓரத்தை விரலால் வருடிப் பாருங்கள். குத்தினால் அந்தக் கருவி ஏற்கெனவே காய்ந்திருக்கிறது.

ஒலித்துளையின் விளிம்பையும் பாருங்கள். மரத்தின் ரேகை மேலிருந்து விளிம்பிலும் தொடர்ந்தால் முழுமரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுமரம் நன்றாக ஒலிக்கும், பராமரிப்பும் கேட்கும். ஒட்டுப்பலகையில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது, விலையும் குறைவு. தொடக்க மாணவருக்கு அதுவே போதும். எந்தக் கிடாரானாலும் பெட்டியில் வைத்து மூடுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் கிடாருக்கு ஏற்றது.

செய்து பாருங்கள்

ஒரு அட்டைப்பெட்டியில் ரப்பர் வளையம் மாட்டி மீட்டுங்கள். பிறகு அதே வளையத்தை இரு விரல்களுக்கிடையே அதே அளவு இழுத்து மீட்டுங்கள். எது உரக்க ஒலித்தது? ஏன்? அடுத்து, 600 மி.மீ. கம்பியில் பன்னிரண்டு மெட்டுகளின் இடங்களைக் கணக்கிட்டு ஒரு காகிதப் பட்டையில் குறியுங்கள். மீதி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும். பன்னிரண்டாவது குறி 300 மி.மீட்டரில் விழுந்தால் உங்கள் கணக்கு சரி. அந்தப் பட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் மாணவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.