மனையும் மனுவும்: வீட்டுவசதிப் பட்டியல் பற்றி ஒரு பாடம்

இல், அகம், மனை, உறையுள், குடி என வீட்டைச் சுட்டத் தமிழில் சொற்கள் பலவுண்டு. பிறர் மனையில் பணம் கொடுத்துக் குடியிருப்பதனைக் குடிக்கூலி என்றனர் நம் முன்னோர். அச்சொல் இன்று அருகிவிட்டது; வாடகை என்பதே எங்கும் வழக்கு. சொல் மாறினும் மாதந்தோறும் முதல் வாரத்தில் வாடகைக்காரர் நெஞ்சில் எழும் கலக்கம் மாறவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் கல்வி கற்க வரும் மாணவ மாணவியர் நம்மிடம் அடிக்கடி வினவுவது ஒன்றுண்டு: "அரசு வீட்டுக்கு எந்தப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும்?" இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எந்த அலுவலகம் என்பதில் தெளிவு வேண்டும். வாசுதேவநல்லூர் என்னும் ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று பேரூராட்சி, மற்றொன்று ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள் குடியிருப்பவர் பேரூராட்சிச் செயல் அலுவலரை நாடவேண்டும். சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்பவர் தம் ஊராட்சி வழியாக ஒன்றிய அலுவலகத்தின் வட்டார வளர்ச்சி அலுவலரை நாடவேண்டும். நிலம் பற்றிய எதுவாயினும் சிவகிரி வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் செல்லவேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின்னர், மாவட்ட ஆட்சியரைக் காணத் திருநெல்வேலி வரை செல்லும் பயணம் குறைந்தது. ஆயினும் ஒன்றியத்தில் கொடுக்கவேண்டிய மனுவைப் பேரூராட்சியில் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் இன்றும் உளர். இரண்டுக்கும் பணம் வரும் திட்டமும் வேறு, விதியும் வேறு.

சிற்றூர்களுக்குரியது பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம். 1985-86இல் தோன்றிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டமே 2016இல் இவ்வுருப்பெற்றது. பழைய திட்டத்தில் வறுமைக்கோட்டுப் பட்டியலை வைத்துப் பயனாளிகளைத் தேர்ந்தனர். காத்திருப்போர் பெயர்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதித்தனர். புதிய திட்டத்தில் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பே அடிப்படை. அக்கணக்கெடுப்பில் விடுபட்டோருக்காக 2018இல் மீண்டும் ஒரு கணக்கெடுப்பு நிகழ்ந்தது. வீடற்றோர் முதலிலும், ஓர் அறை மண்வீட்டினர் அடுத்தும், ஈரறை மண்வீட்டினர் அதற்கடுத்தும் என வரிசை அமையும். ஒரே நிலையிலுள்ளோருள் யார் முந்துவர்? 16 முதல் 59 வயதுக்குட்பட்ட ஆண்மகன் இல்லாத, பெண் தலைமையிலான குடும்பம்; 25 வயதுக்கு மேற்பட்டோருள் எழுத்தறிந்தவர் இல்லாத குடும்பம்; உழைக்கும் வலிமையுள்ளோர் எவருமின்றி மாற்றுத்திறனாளியைக் கொண்ட குடும்பம்; நிலமின்றி உடலுழைப்புக் கூலியால் வாழும் குடும்பம் ஆகியவற்றின் குறைபாடுகளுக்கு மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்துவர். தேர்வில் மதிப்பெண் மிகுந்தால் மகிழ்கிறோம். இங்கே மதிப்பெண் மிகுவது துயரத்தின் அளவு. சமவெளிப் பகுதிக்கு ஒரு வீட்டுக்கு ரூ.1,20,000; மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்னும் விகிதத்தில் பகிரும். குறைந்த அளவு 25 சதுர மீட்டர். கூரைக்கெனத் தமிழக அரசு தன் பங்காகக் கூடுதல் தொகை அளித்து வந்துள்ளது.

இப்பட்டியலின் சிறப்பு யாதெனின், அது கிராம சபையில் வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெறவேண்டும் என்பதே. தகுதியற்றவர் பெயர் இருந்தால் எதிர்க்கலாம். தகுதியுள்ளவர் விடுபட்டிருந்தால் எழுந்து சொல்லலாம். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் சபை கூடுவது நெடுநாள் வழக்கம். அன்று கல்லூரிக்கு விடுமுறை. அவ்விடுமுறையில் குற்றால அருவிக்குச் செல்லும் மாணவர் எத்தனை பேர், சபைக்குச் செல்லும் மாணவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கப் போவதில்லை. விடை யாவரும் அறிந்ததே.

2024-25இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டமும் ஊரகத்துக்குரியதே. 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3,50,000 என அறிவிக்கப்பட்டது. குடிசையில் வாழ்பவராகவும் சொந்த மனை உடையவராகவும் இருத்தல் அதற்கு நிபந்தனை.

பேரூராட்சிக்குள் நிலை வேறு. கிராம சபை என்பது ஊராட்சிகளுக்கே உரியது. 2015இல் தொடங்கிய நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின்கீழ், தன் மனையில் தானே வீடு கட்டுவோருக்குத் தமிழகத்தில் மத்திய, மாநிலப் பங்குகள் சேர்ந்து ரூ.2,10,000 கிடைத்து வந்தது. அதன் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. நலிந்த பிரிவினர் என்பதற்கு ஆண்டு வருமான வரம்பு 3 இலட்சம் ரூபாய். குடும்பத்தில் எவர் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கல்வீடு இருத்தல் கூடாது. இவையெல்லாம் எளிதில் நிறைவேறும் நிபந்தனைகளே. ஆனால் "தன் மனையில்" என்ற சொற்றொடரில்தான் நம் வாடகைக்காரர் தடுக்கி விழுகிறார்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவனை இழந்த தாய் பீடி சுற்றுகிறாள். வாடகை ஓட்டு வீடு. இரண்டு பிள்ளைகள் படிக்கின்றனர். மதிப்பெண் இட்டால் இவள் வரிசையின் தலையில் நிற்பாள். ஆயினும் மனை இல்லாமையால் வரிசைக்கே வரவில்லை. வீடு கட்டப் பணம் தரும் திட்டம் பல உள. வாடகைக்கு உதவும் நிலையான திட்டம் நம் ஊரில் இல்லை. 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. அது தன் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பத்திற்கு ரூ.24,000 தருவதாக அறிவித்தது. அது அங்கே ஏற்கெனவே வீடு உடையோருக்கானது. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சிங்கப்பூர் சென்று குடியேறிய நம் உறவினர்கள் வேறொன்றைக் கண்டிருப்பர். 1960இல் தோன்றிய அந்நாட்டு வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் விற்கும் வீடுகளோடு நில்லாமல், ஏழைகளுக்கு வருமானத்திற்கேற்ற குறைந்த வாடகையில் வீடுகளும் தருகிறது. அதற்கெனத் தனி வரிசை உண்டு. மனையில்லாதவரும் அங்கு வரிசையில் நிற்கலாம்.

ஆதலின், வாசுதேவநல்லூர் வாடகைக்காரர் எழுதவேண்டிய முதல் மனு வீட்டுக்கானதன்று. இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கானது. அதனை வட்டாட்சியருக்கு எழுதவேண்டும். இதனை அறியாமல் வீட்டு மனுவையே மீண்டும் மீண்டும் எழுதுவோர் மிகப் பலர்.

மனை இருந்தும் இல்லாதாராய் நிற்போரும் நம் சமுதாயத்தில் உண்டு. பாட்டனார் பெயரில் பட்டா இருக்கும். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். மகனுக்கு உள்ளதில் பாதி மகளுக்கு என மார்க்கம் பங்கை வரையறுத்துள்ளது. அப்பங்கைக் கொடுக்க மனமின்றிப் பாகப்பிரிவினையைத் தள்ளிப்போடுவதால், ஆண்மக்களுக்கும் தனிப்பட்டா இல்லை, பெண்மக்களுக்கும் இல்லை. கூட்டுப்பட்டாவில் எவரும் வீட்டுப்பணம் பெற இயலாமல் தவிக்கின்றனர். சகோதரியின் உரிமையை மறுத்தவர் தம் கூரையையும் சேர்த்தே மறுத்துக்கொண்டார் என்பதே நம் கருத்து. ஜமாஅத் பெரியோர்கள் வாரிசுச் சான்றும் பாகப்பிரிவினையும் முடித்துவைக்க முன்வந்தால் பல வீடுகள் எழும்.

இன்னொன்று வக்ஃபு நிலம். பள்ளிவாசல் நிலத்தில் தலைமுறையாகத் தரைவாடகை கொடுத்துக் குடியிருப்போர் உண்டு. வக்ஃபு சொத்தை விற்றலும் தானமளித்தலும் செல்லாது என்பது சட்டம், அது சரியே. அங்கே குடியிருப்பவர் பட்டாவுக்குக் காத்திருப்பது வீண்; வேறிடத்தில் மனை கேட்டு மனுக் கொடுப்பதே வழி.

இனித் தமிழ்த்துறையினராகிய நாம் சொல்லவேண்டியது பெயரைப் பற்றியது. குடும்ப அட்டையில் மைதீன் பீவி, ஆதாரில் முகைதீன் பீபி, வங்கிக் கணக்கில் மொய்தீன் பீவி, பட்டாவில் வெறும் பீவியம்மாள் என்றிருந்தால், நால்வரும் ஒருவரே என்பதை அறிந்தது அவர் தெரு மட்டுமே, கணினி அறியாது. பணம் நேரே வங்கிக் கணக்கிற்கு வருவதால் தலைப்பெழுத்தின் பிழையும் தடையாகும். அரபுப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறை பற்றி ஆய்வு செய்வோர் இதனையும் எண்ணவேண்டும். ஆவணம் யாவற்றிலும் ஒரே எழுத்தாக்கம் அமையும்படி முதலிலேயே திருத்திக்கொள்ளல் நன்று.

வட்டாட்சியர் அலுவலகச் சொற்களைக் கண்டு மிரளவும் வேண்டா. தாசில், தாலுகா, வாரிசு, நகல், அசல், தாக்கல் ஆகியன அரபி மூலம் உடையவை, ரசீது பாரசீகம். மதரசாவில் ஓதிய பிள்ளைக்கு இவற்றுட் சில அயலல்ல. மனுவைச் செந்தமிழில் அணிசெய்து எழுதவும் வேண்டா. பெயர், முகவரி, குடும்ப உறுப்பினர், வருமானம், இப்போது குடியிருக்கும் நிலை, கோரிக்கை இன்னது என ஒரு பக்கத்தில் அடங்கினால் போதும். நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் நாளும் பெறுதல் இன்றியமையாதது. விடை வராவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். பட்டியலில் பெயர் சேர்க்க எவருக்கும் கையூட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்பவர் இடைத்தரகர் என்றே கொள்க.

ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி எனப்படும் வருவாய்த் தீர்வாயம் நடைபெறும். ஊர்வாரியாக நாள் குறித்து, கணக்குகளைத் தணிக்கை செய்து, மனுக்களையும் நேரில் பெறுவர். பட்டா மாறுதல், தனிப்பட்டா, மனைப் பட்டா ஆகியவற்றுக்கு அது உரிய இடம். சிவகிரியில் நம் ஊருக்குரிய நாள் எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, நகலும் அசலுமாக ஆவணங்களைக் கையில் கொண்டு, தாயையோ பாட்டியையோ உடன் அழைத்துக்கொண்டு காலையிலேயே சென்று நிற்கவேண்டும்.